கொம்ப்ளெக்ஸின் சொந்தக்காரன்

கண்டி நகரில் ஒரு ஷொப்பிங் கொம்ப்ளெக்ஸின் கழிப்பறை வாசலில் நின்றுகொண்டு, நான்தான் இந்தக் கட்டடத்தின் சொந்தக்காரன் என்று காவலாளியிடம் சொன்னவன் நான். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, மனைவியின் முன்னிலையில், முழு நிதானத்தில் சொன்னேன். குடித்திருந்தேன் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. அன்று போயா தினம், மதுக்கடைகள் மூடியிருக்கும் பௌர்ணமி.

கொம்ப்ளெக்ஸில் ஏதாவது வாங்கிய பில்லைக் காட்டினால்தான் கழிப்பறைக்குள் விடுவது என்று புதிய நிர்வாகம் ஒரு விதி கொண்டுவந்திருந்தது. என்னிடம் பில் இல்லை. காவலாளி சிங்களத்தில் பில்லைக் கேட்டார். நானும் சிங்களத்தில், நான்தான் இதன் அயித்திகாரயா என்றேன். அவர் என் குடையையும் செருப்பையும் மரியாதையாகப் பார்த்துவிட்டு, எந்தக் கடை மாத்தயா என்று கேட்டார். கடை இல்லை, கட்டடமே என்றேன். அவர் சற்று யோசித்தார். அப்படியானால் மாத்தயாவின் கடைகளில் ஏதாவதொன்றில் ஒரு தண்ணீர்ப் போத்தல் வாங்கிக்கொண்டு வாருங்கள் என்றார். வாங்கிக்கொண்டு போனேன். தண்ணீர் அப்போது எனக்குத் தேவைப்பட்ட கடைசிப் பொருள்.

நான் சொன்னது முழுப் பொய்யும் அல்ல. அதுதான் இதில் உள்ள கேவலம்.

நான் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளன். நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசை, இரண்டு கதிரை, ஒரு முத்திரை. பிறந்தவர்கள், மணந்தவர்கள், பிரிந்தவர்கள், செத்தவர்கள் எல்லோரும் ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குப் போக என் வழியாகத்தான் போவார்கள். ஒருநாள் கொழும்பிலிருந்து ஒரு நிறுவனம் தன் விளம்பரப் புத்தகமொன்றை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கித் தரச் சொல்லி அனுப்பியது. ஊர் ஊராக ஷொப்பிங் கொம்ப்ளெக்ஸ்களை வாங்குவது, கடைகளிடம் வாடகை வசூலிப்பது, அந்த வாடகையைத் தன்னிடம் பணம் போட்டவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது: இதுதான் அதன் தொழில். பணம் போடுகிறவருக்குக் கிடைக்கும் பங்குக்கு அலகு என்று பெயர். சட்டப்படி அந்த அமைப்புக்கு மெய்ச்சொத்து முதலீட்டு நம்பிக்கை என்று ஒரு நீளமான பெயர் உண்டு. யாரும் அப்படிச் சொல்வதில்லை. ட்ரஸ்ட் என்பார்கள்.

வாடகை வருமானம் நிலையானது என்று ஆங்கிலத்தில் இருந்ததை நான் 'வற்றாத வாடகை ஊற்று' என்று எழுதினேன். வற்றாத என்பது என் கைச்சரக்கு. மூன்றாம் முறை பிழை திருத்தும்போது அந்தப் பந்தி என்னை உலுக்கிவிட்டது. அடுத்தவன் சொல்லை நம்பி ஏமாந்தவர்கள் உலகத்தில் கோடி. தான் சேர்த்த ஓர் அடைமொழியைத் தானே நம்பியவன் அநேகமாக நான் ஒருவன்தான். வங்கியில் முதிர்ச்சியடைந்திருந்த நிலையான வைப்பை எடுத்து அலகுகளை வாங்கினேன்.

மனைவியிடம் விளக்கினேன். அவள் கேட்டாள், "அவ்வளவு பெரிய கட்டடத்துல நம்ம பங்கு எதுங்க?"

கணக்குப் போட்டுப் பார்த்து, தரையில் ஒரு டைல் தேறும் என்றேன்.

"அத கழுவுறதுக்கு அவங்க ஆள் போடுவாங்களா, நாமதான் போகணுமா?"

இதெல்லாம் சிரிப்பாக இருந்த காலம். பிறகு ட்ரஸ்ட் கண்டியில் ஒரு கொம்ப்ளெக்ஸை வாங்கியது. அதன் கீழ்த்தளத்தில், பஸ் நிலையத்துப் பக்கம் இறங்கும் படிகளுக்கு எதிரே, என் மனைவியின் அண்ணனுடைய துணிக்கடை இருந்தது.

மச்சான் கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். கண்டிக்கு வந்து ஒரு துணிக்கடையில் சேல்ஸ்மேனாக நின்று, கடைசியில் சொந்தமாக ஒரு கடை போட்டவர். ஸ்கூல் உடுப்பு, பிளவுஸ் துண்டு, சாரம் என்று வருடம் முழுக்க ஏதோ ஓடும். ஆனால் அவருடைய வருடம் உண்மையில் ஒரே ஒரு மாதம்தான். தோட்டங்களில் தீபாவளி முற்பணம் கொடுத்ததும், கலஹாவிலிருந்தும் ஹுன்னஸ்கிரியவிலிருந்தும் சனம் குடும்பம் குடும்பமாக வரும். நாலைந்து வீட்டார் சேர்ந்து ஒரு வேன் பிடித்து வருவார்கள். வந்ததும் கடைக்குள் நுழைய மாட்டார்கள். எதிரே படிகளில் உட்கார்ந்து, கொண்டுவந்த சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிடுவார்கள். மச்சான் பிளேன்டீ அனுப்புவார். அதற்குப் பிறகுதான் துணி.

அந்தத் துணியிலும் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் எடுப்பது படையல் துணி. வீட்டில் செத்துப்போனவருக்கு, தீபாவளியன்று படத்துக்கு முன்னால் பலகாரத்தோடு வைத்துக் கும்பிட ஒரு வேட்டி, அல்லது ஒரு சேலை. படைத்த பிறகு அதை வீட்டில் யாராவது உடுத்துவார்கள் என்றாலும், எடுக்கும்போது அது செத்தவருடையது. மச்சான் அதற்கென்று ஒரு தட்டைத் தனியாக வைத்திருந்தார். அந்தத் தட்டிலுள்ள துணிக்கு அவர் விலை சொல்வதில்லை, அவர்கள் கேட்பதும் இல்லை. வெற்றிலையில் வைத்து இரண்டு கையாலும் கொடுப்பார். கடைசியில் மற்றத் துணிகளோடு சேர்த்துப் பில்லில் வரும். ஆனால் அதற்குப் பேரம் கிடையாது. செத்தவருக்கு என்ன பிடிக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். "ஒங்க அப்பாவுக்குச் சருகைக் கரை ஆகாதே, ஏன் அத எடுக்கிற" என்று உயிரோடு இருப்பவனை அதட்டுவார்.

ட்ரஸ்ட் வாங்கிய பிறகு கொழும்பிலிருந்து ஒரு மனேஜர் வந்தார். மச்சானின் குத்தகை செப்டெம்பரோடு முடிகிறது, புதுப்பிப்பதாக இல்லை, அந்த இடத்துக்கு ஒரு கோப்பிக் கடை வருகிறது என்று சொல்லிவிட்டார். தீபாவளி அதற்குப் பிறகு.

மச்சான் ஒரு ஞாயிறு பின்னேரம் வீட்டுக்கு வந்தார். கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். அப்படி உட்கார்ந்தால் அவருக்கு ஏதோ கேட்க வேண்டியிருக்கிறது என்று அர்த்தம்.

"மாப்ள, நீங்க அந்த ட்ரஸ்டுல பெரிய ஆள்னு தங்கச்சி சொல்லுச்சு."

"ஒரு டைல்னுதான் சொன்னேன்" என்றாள் அவள் உள்ளேயிருந்து.

"பெரிய கூட்டம் ஒண்ணு வருதாமே கொழும்புல. நீங்க போவீங்களா?"

அலகுதாரர்களின் வருடாந்தக் கூட்டம். போவேன், பேசவும் உரிமை இருக்கிறது என்றேன்.

"எனக்கு அந்தக் கடை என்னைக்கும் வேணும்னு இல்ல மாப்ள. இந்தத் தீவாளி ஒண்ணு. அத அதே எடத்துல செஞ்சிட்டேன்னா, வர்ற சனத்துக்கிட்ட வாயால சொல்லிருவேன், அடுத்த வருசம் இன்ன எடத்துல இருக்கேன், அங்க வாங்கன்னு. சொல்லாம மூடிட்டா அவங்க வந்து தேடிப் பாத்துட்டு வேற கடைக்குப் போயிருவாங்க. ஒருக்கா மாறிட்டா மாறுனதுதான்."

"நான் பாத்துக்கிறேன் மச்சான்."

"நவம்பர் வரைக்கும் நீட்டித் தாங்கன்னு மட்டும் கேளுங்க. வேற ஒண்ணும் பேச வேணாம்." அவருக்கு என்னைத் தெரியும். மீண்டும் சொன்னார். "வேற ஒண்ணும் வேணாம் மாப்ள."

கொழும்பில் ஒரு ஹோட்டலில் கூட்டம். கண்டியிலிருந்து காலை ரயிலில், கடன் வாங்கிய கோட்டோடு போனேன். அலகுதாரர்களில் பாதிப்பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மீதிப்பேர் தேநீரோடு வரும் பெட்டிஸுக்காக விழித்திருந்தார்கள். கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் கேட்கலாம் என்று தலைவர் சொன்னதும் ஒலிவாங்கியைப் பிடித்தேன். ஆங்கிலத்தில் வாசிப்பது என் வாழ்க்கை. பேசுவதற்கு ஆள் கிடைப்பதில்லை. கண்டியில் நான் ஆங்கிலம் பேசக்கூடிய ஒரே இடம் பல் வைத்தியர். அங்கேயும் வாயைத் திறந்து வைத்திருக்க வேண்டும், பேசக் கூடாது.

நவம்பர் வரைக்கும் நீட்டித் தாருங்கள் என்பது ஒரு வாக்கியம். அதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் நான் படிகளைச் சொன்னேன். சோற்றுப் பார்சலைச் சொன்னேன். மலையிலிருந்து மழையில் இறங்கிவரும் வேன்களைச் சொன்னேன். நீங்கள் கட்டடத்தை வாங்கினீர்கள், கனவான்களே, அதற்குள் வருகிற மனிதர்களை இன்னும் பார்க்கவில்லை என்றேன். படையல் துணிக்கு வந்தபோது என் குரல் எனக்கே பிடித்திருந்தது. உயிரோடு இருப்பவன் தனக்கு எடுப்பதற்கு முன்னால் செத்தவனுக்கு எடுக்கும் ஒரு சனம் இருக்கிறது, அந்தத் துணிக்கு அவர்கள் விலை கேட்பதில்லை என்று முடித்தேன். தூங்கியவர்கள் விழித்தார்கள். ஓர் அம்மா கைக்குட்டையை எடுத்தார். கைதட்டினார்கள். தலைவர் எழுந்து, மிகவும் நெகிழ்ந்தேன், ஆவன செய்யப்படும் என்றார்.

தேநீர் வேளையில் விற்பனைப் பிரிவைச் சேர்ந்த ஒரு பெண் தட்டோடு என்னிடம் வந்தாள். மகள் வயதிருக்கும். சொன்னதெல்லாம் மிகவும் அழகாக இருந்தது என்றாள். முற்பணம் எந்தக் கிழமை கொடுப்பார்கள் என்று கேட்டாள். சொன்னேன். எல்லாத் தோட்டத்திலும் ஒரே சமயத்திலா? சொன்னேன். ஒரு வீட்டில் செத்தவர் இருவர் இருந்தால் இரண்டு துணியா? ஆமாம் என்றேன். இரண்டு பெட்டிஸ் சாப்பிட்டேன். என்னை இவ்வளவு கவனமாக ஒருவர் கேட்டது கலியாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

அடுத்த வாரமே மச்சானுக்குச் செய்தி வந்தது. குத்தகை நவம்பர் முடியும்வரை நீட்டப்பட்டிருக்கிறது. அதே கடை, அதே வாடகை.

மச்சான் எனக்கு ஒரு பட்டு வேட்டி கொண்டுவந்து கொடுத்தார். நான் அதிலிருந்து கொஞ்ச நாட்கள் தரையில் நடக்கவில்லை. கழிப்பறைக் காவலாளியிடம் நான் சொந்தக்காரன் ஆனது இந்தக் காலகட்டத்தில்தான்.

முற்பணம் கொடுத்த வாரம். மச்சானின் கடையில் கூட்டம் பார்க்கலாம் என்று நானும் மனைவியும் போனோம். பஸ் நிலையத்துப் பக்கத்துப் படிகளில் யாரும் இல்லை. உட்கார முடியாதபடி வரிசையாகப் பூச்சட்டிகள் வைத்திருந்தார்கள். கீழ்த்தளத்தின் நடுக்கூடம், அதாவது மச்சானின் கடைக்கு நேர் எதிரே, வாழைமரமும் தோரணமும் கட்டி, சனக் கடலாக இருந்தது. கொழும்பின் பெரிய துணிக்கடையொன்றுக்குத் தீபாவளி முடியும்வரை அந்தக் கூடத்தைக் கொடுத்திருந்தார்கள். கதிரைகள் போட்டிருந்தார்கள். சாப்பிட ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். பிளேன்டீ இலவசம். பாலும் உண்டு. வேனில் வருகிறவர்களுக்கு வேன் கூலியில் பாதியைக் கழித்துக்கொள்ளலாம் என்று ஒலிபெருக்கி தமிழில் சொல்லிக்கொண்டிருந்தது.

கூடத்தின் நடுவே, மாவிலைக்குக் கீழே, ஒரு பலகை. 'படயல் பிரிவு. மரைந்தோர் நினைவாக. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்.'

என் முதல் கோபம் எழுத்துப் பிழைகளின் மேல் வந்தது என்பதையும் எழுதிவைக்கிறேன். என்னிடம் கொடுத்திருந்தால் பிழையில்லாமல் போட்டுக் கொடுத்திருப்பேன். அப்படித்தான் நினைத்தேன். பிறகுதான் மற்றது உறைத்தது.

வெற்றிலையும் வைத்திருந்தார்கள். தட்டோடு வந்த அந்தப் பெண் எதையும் விடவில்லை.

மச்சான் தன் கடையில், தனித்தட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். கடைக்குள் ஆறேழு பேர் இருந்தார்கள், பழைய முகங்கள். மற்றவர்கள் கூடத்தில் இருந்தார்கள். கூடத்திலிருந்து வெளியே போக மச்சானின் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். பைகளைச் சுவர்ப் பக்கமாக மாற்றிப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து போனார்கள். கடன்காரனைக் கண்டவர்களைப் போல. அவர்கள் மச்சானுக்கு ஒரு சதமும் தர வேண்டியதில்லை.

ஒரு கிழவி மட்டும் உள்ளே வந்தாள். ஹுன்னஸ்கிரியப் பக்கம். புருஷன் போய்ப் பல வருடம். வருடா வருடம் அவருக்கு வேட்டி எடுக்கிறவள். கூடத்துக் கடையின் பையை முந்தானைக்குள் மறைக்கப் பார்த்தாள். பை பெரியது, மறையவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"டீ குடிங்க ஆத்தா" என்றார் மச்சான்.

"குடிச்சிட்டேன் தம்பி, அங்க." பையைக் காலடியில் தள்ளினாள். "ஒண்ணு எடுத்தா ஒண்ணு சும்மாங்கிறான். அவருக்கும் ஆச்சு, மவனுக்கும் ஆச்சு."

"நல்லதுதானே."

"மவன்தான் சொன்னான். நான் வேணாம்னேன்."

"அதுக்கென்ன ஆத்தா."

"அவரு இருந்திருந்தா அவரும் அங்கதான் போகச் சொல்லியிருப்பாரு. அவருக்கு ஓசின்னா உசிரு." சிரிக்கப் பார்த்தாள். "நீயும் ஒண்ணு எடுத்தா ஒண்ணு குடுக்கலாம்ல தம்பி?"

"குடுத்தா நான் வேட்டியில்லாமத்தான் வீட்டுக்குப் போகணும்."

கிழவி இப்போது நன்றாகச் சிரித்தாள். எழுந்து, தனித்தட்டில் இருந்த ஒரு வேட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தொட்டதற்கு மன்னிப்புக் கேட்பவள்போல அதைத் தடவி நேராக்கி வைத்துவிட்டுப் போனாள்.

மச்சான் அவளிடம், அடுத்த வருடம் எங்கே இருப்பேன் என்று சொல்லவில்லை. அன்று யாரிடமும் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் அவருக்கு இந்த ஒரு தீபாவளி வேண்டியிருந்தது. குனிந்துகொண்டு போகிறவர்களை நிறுத்தி விலாசம் கொடுக்க முடியாது.

மச்சான் என்னைக் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். "மாப்ள, இவங்களுக்குப் படையல் சமாச்சாரமெல்லாம் எப்படித் தெரிஞ்சுது?" என்று மட்டும், என்னைப் பார்க்காமல், துணியை மடித்துக்கொண்டே கேட்டார். சேல்ஸ்மேன்கள் எவனாவது சொல்லியிருப்பான் என்று நான் சொல்லப்போன நேரம் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். "இவருதான் சொல்லியிருப்பாரு" என்றாள் அண்ணனிடம். "மைக் குடுத்தா விடுவாரா?"

மச்சான் தலையாட்டினார். அவருக்கு முன்பே தெரிந்திருந்தது.

நவம்பர் கடைசியில் ஒரு லொறியில் சாமான்களை ஏற்றினோம். படையல் துணிகள் பாதிக்கு மேல் அப்படியே இருந்தன. நான் துணி றாக்கைப் பிடித்து இறக்கிக்கொண்டிருந்தபோது மனேஜர் வந்து, தரை டைல்களில் கீறல் விழாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். நான் ஓர் அலகுதாரன் என்று சொல்ல வாயெடுத்தேன். மச்சான் என்னைப் பார்த்தார். சும்மா இருந்தேன். தேவைப்பட்ட இடத்தில் சும்மா இருக்க எனக்கு அன்றுதான் வந்தது.

ஜனவரியில் ட்ரஸ்டின் காலாண்டு அறிக்கை வந்தது, தமிழாக்குவதற்கு. கண்டிக் கொம்ப்ளெக்ஸில் பண்டிகைக் கால வருமானம் எதிர்பார்ப்பை மீறிவிட்டதாம். அலகுதாரர் ஒருவர் கூட்டத்தில் தெரிவித்த பெறுமதிமிக்க கருத்தே அதற்கு வழிவகுத்தது என்று ஒரு வரி நன்றி தெரிவித்தது. அந்த வரியை நான்தான் தமிழாக்கினேன். இந்த முறை அடைமொழி எதுவும் சேர்க்கவில்லை. எழுத்துப் பிழையும் இல்லை. அதே வாரம் பங்குப் பணமும் வங்கிக்கு வந்தது. ஊற்று வற்றவில்லை. போன தடவையைவிடக் கூடவே சுரந்திருந்தது.

இரண்டு இரவு தூங்காமல் யோசித்து, அலகுகளை விற்றுவிடத் தீர்மானித்தேன். இதை ஒரு தியாகமாக நினைத்தேன். தன் பங்கைத் தூக்கி எறிந்த மனிதன் என்ற எண்ணத்தோடு கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டேன். கொஞ்சம் உயரமாகத் தெரிந்தேன். விற்ற அன்று பின்னேரமே, மச்சானின் வீட்டுக்குப் போகப் பேராதனையில் நின்று கலஹா பஸ்ஸைப் பிடித்தேன். மச்சான் கடையை மூடிய பிறகு, சம்பள நாட்களில் ஒரு த்ரீவீலில் துணியைக் கட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போய் விற்றுவருகிறார். போனபோது வீட்டு முற்றத்தில் நின்று மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தார். மழையில் ஓர் ஓரம் நனைந்திருந்தது.

நின்றபடியே சொன்னேன். அவனுக நாணயமில்லாதவனுக மச்சான், அந்தக் காசு எனக்கு வேண்டாம், எல்லாத்தையும் வித்துட்டேன் என்றேன்.

அவர் நனைந்த சேலையொன்றை உதறிக் கொடியில் போட்டார்.

"வெல ஏறியிருந்திச்சா மாப்ள?"

பொய் சொல்ல யோசித்தேன். ஏறியிருந்தது என்றேன்.

"தீவாளிக்கு அப்புறமா?"

"ஆமா."

"அப்ப சரி" என்றார் அடுத்த சேலையை எடுத்துக்கொண்டே. "குடும்பத்துல ஒருத்தராச்சும் தீவாளி யாவாரம் பண்ணியிருக்கோம்."